லிஸ்பனுக்கு மூன்று பேர்

ஜூன் 11, 2006. ஞாயிறு இரவு.

சந்தோசத்தில் நித்திரை வரவில்லை.

மொன்ட்ரியாலுக்கு வந்த நாள் முதல் ஐரோப்பா என்றால் எங்களுக்குக் கலியாண வீடும் செத்த வீடும்தான். பாரிசில் இவருடைய தங்கை வதனி வீட்டில் தங்குவோம், சமைப்போம், திரும்பிவிடுவோம். இந்தக் கோடையில் ஒரு ஊரையாவது சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். லிஸ்பன் மலிவு என்று என்னோடு கார்டரியில், பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்யும் போர்த்துக்கீசப் பெண் சொன்னாள். பாரிசில் விமானம் மாறினால் இன்னும் மலிவு.

"பாரிசில இறங்கிப்போட்டு வீட்டை வராமல் போனால் வதனி கோவிப்பாள்" என்று இவர் ஒரு கிழமையாகப் புறுபுறுத்தார்.

இன்று மனம் பொறுக்காமல் நானே அவளுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோவிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"மச்சாள், நான் இஞ்ச வந்து எத்தினை வருசம்! ரெஸ்டோரன்ட் குசினியையும் மெத்ரோவையும் விட ஒண்டும் காணேல்லை. நானும் வரட்டோ?"

"ஓம், வா!" என்று கத்தியே விட்டேன். முகம் நிறையச் சவர நுரையோடு இவர் ஓடிவந்தார். போனைக் கொடுத்தேன்.

"அண்ணை, அங்க கடல் இருக்காம். குளிக்கலாமோ?"

இவர் சிரித்த சிரிப்பில் நுரையெல்லாம் போனில் அப்பிவிட்டது.

லிஸ்பனில் நாங்கள் பார்த்து வைத்த அறையில் இரண்டு பேர்தான் படுக்கலாம். தங்கைக்குக் கட்டிலை விட்டுவிட்டு இவர் நிலத்தில் படுப்பாராம்.