நாக்கைப் பார்க்க ஆளில்லை

என்னங்க, நீங்களும் அத்தையும் சுகந்தானே? அத்தையின் முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன். குவாங்சோவில் மழைதான் ஓயவில்லை.

போன வாரம் தொண்டை கரகரத்தது, அவ்வளவுதான். உடம்புச் சூடு என்று நினைத்து, நான் வேலை செய்யும் தேநீர்க் கடையில் சூடு தணிக்க விற்கும் கசப்பு மூலிகைத் தேநீரையே நாலு நாள் குடித்தேன். ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். கூட வேலை செய்யும் லான் அக்கா நாக்கை நீட்டச் சொன்னாள்.

"அடிப்பாவி! சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்துக் கெடக்கு. குளிர்ந்த உடம்புல குளிர்ச்சியவே ஊத்தியிருக்கியே! வர்றவங்களுக்கெல்லாம் பார்த்துப் பார்த்து இஞ்சி தட்டிப் போடுறவ, உன் நாக்கப் பார்க்க மாட்டியா?"

இஞ்சியும் நாட்டுச்சர்க்கரையும் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். சரியாகிவிட்டது, பயப்படாதீர்கள். வீட்டில் என் நாக்கை நான் எங்கே பார்த்தேன்? நாக்கை நீட்டினால் போதும், நீங்கள் நிறம் பார்த்து, அதற்கேற்ற தேநீரைக் கையில் தருவீர்களே! இங்கே வந்த எட்டு மாதத்தில் லான் அக்காவுக்கு முன்னால் யாரும் நீட்டச் சொல்லவில்லை.

வயிற்றுக்குப் போட்டுக் குடிக்க, காயவைத்த ஆரஞ்சுத் தோலில் பழசாகப் பார்த்து ஒரு பிடி அனுப்புங்கள். கடை திறக்கும் நேரமாகிவிட்டது. புத்தாண்டுக்கு ரயிலைவிட்டு இறங்கியதும், எல்லார் முன்னாலும் நாக்கை நீட்டுவேன். சிரிக்காமல் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் மெய்ஃபோங்