வண்டிக்குப் போன ரொட்டித் தட்டு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹல்டோர் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? தென்துருவக் குளிரிலும் நான் நலம்.

போன வாரம் எங்கள் வண்டி பனியில் வயிறுவரை புதைந்துவிட்டது. முகாமுக்குக் கொஞ்சம் நடந்தோம், அவ்வளவுதான். நம் ஐஸ்லாந்து வழக்கப்படி அகல டயர் மாட்டிப் பாதிக் காற்றை இறக்கிவிட்டால், வண்டி பனிமேல் மிதந்து போகும். டயர் இருந்தது, அதற்கேற்ப மட்கார்டை அகலப்படுத்தத்தான் தகடு இல்லை. சமையல்காரி ஸ்டைனாவின் ரொட்டி சுடும் இரும்புத் தட்டுகளை வெட்டி மட்கார்டோடு பற்றவைத்தோம்.

“இனிமே ரொட்டி வேணும்னா அந்த வண்டியையே கடிச்சுத் தின்னுங்கடா,” என்றாள்.

நேற்று, புதைந்த அதே இடத்தை வண்டி அலுங்காமல் கடந்தது. ஸ்டைனாவே முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

தபால் விமானம் கிளம்பப்போகிறது. அடுத்த விமானத்தில் உங்கள் ரொட்டித் தட்டு ஒன்றை அனுப்புங்கள். ரொட்டி சுட்டதும் எடுக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம், நானே இங்கு கழுவிக்கொள்கிறேன்.

ஹல்டோர்