இரண்டு பேருக்கு ஒரே சட்டை

மார்ச் 3, செவ்வாய். காலை 6.40.

படப்பிடிப்பின் பதினொன்றாம் நாள். முடிந்த காட்சிகள் முப்பத்தொன்று, பாக்கி நாற்பத்தாறு. கதாநாயகன் ஒருவர், அவருக்கு டூப் ஒருவர், இரண்டு பேருக்கும் சேர்த்து சட்டை ஒன்று.

தயாரிப்பாளரிடம் கேட்டேன். “போதைக் கும்பலுக்குள்ள பதுங்கியிருக்கிற ரகசிய அதிகாரிப்பா அவன். பெட்டி கட்டிக்கிட்டா போயிருப்பான்?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான்.

நடிக்கும்போதே குரலைப் பதியும் லைவ் சவுண்ட் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் “டப்பிங்ல பாத்துக்கலாம்.” டப்பிங்கில் பார்த்துக்கொள்ள ஒலிப்பதிவாளன் எதற்கு? ஒரு டேப் ரெக்கார்டர் போதுமே.

மார்ச் 5.

கம்பியில்லா மைக்கின் பெட்டியை நாயகனின் இடுப்பில் மாட்டினால் துருத்துகிறது. சட்டையின் உள்பக்கம், முதுகுக்குக் கீழே, ஒரு பை தைத்துவிட்டேன். பெட்டி அதில் கச்சிதமாக உட்காருகிறது. வெளியே எதுவும் தெரியாது. இயக்குநரே தடவிப் பார்த்து “மூளைக்காரன்டா நீ” என்றார். வேலை மிச்சம். சட்டை டூப்பிடம் போகும்போது பெட்டியை மட்டும் உருவி எடுத்தால் சரி.

டூப்பை எல்லோரும் ரப்பர் என்கிறார்கள். எனக்கு அண்ணன். இரும்புப் படியில் இன்று நான்கு முறை உருண்டார். அடிபடவில்லையா என்று கேட்டேன். “விழுறது யாரு வேணா விழலாம் தம்பி. எங்க விழுறோம்னு தெரிஞ்சு விழணும். அதுக்குத்தான் சம்பளம்” என்றார்.

மார்ச் 7, சனி.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாலை வெயில் படப்பிடிப்பு நடந்த கிடங்கின் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் கத்திக்கொண்டிருந்தார். அதிகாரியின் உடம்பில் மைக் இருப்பதைக் கும்பல் கண்டுபிடித்து மேல்தளத்திலிருந்து தள்ளிவிடும் காட்சி. கீழே மெத்தை போட்டிருந்தது. நாயகன் வசனத்தை முடித்தார், சட்டையைக் கழற்றி வீசினார், போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ரப்பர் அண்ணன் அதை மாட்டிக்கொண்டு மேலே ஓடினார். உள்ளே முதுகில் ஸ்பாஞ்ச் கட்டியிருந்தார். அதனால் அவருக்கு உறுத்தவில்லை.

நான் எங்கே இருந்தேன்? பழைய டேக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜெனரேட்டர் இரைச்சல் விழுந்திருக்கிறதா என்று.

“ஆக்ஷன்.” சட்டை மைக்கின் சேனலைத் திறந்தேன். காதுக்குள் மூச்சு. ஓடி வந்தவனின் மூச்சு, மிகப் பக்கத்தில். நாயகன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் — அப்படியானால் இது யார் மூச்சு?

நிமிர்வதற்குள் விழுந்துவிட்டார்.

அந்தச் சத்தத்தை எழுத மாட்டேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு அடியில் அவர் குரல் எனக்கு மட்டும் கேட்டது. சண்டை மாஸ்டரைக் கூப்பிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னார்: “மாஸ்டர்… கால் எங்கன்னு தெரியல.”

ஓடினேன். சட்டையைத் தளர்த்துவது போலக் கையை உள்ளே விட்டு — முதலில் பெட்டியைத்தான் எடுத்தேன். மனுஷனா நான்?

மார்ச் 8.

கீழ்முதுகு எலும்பு. இரண்டு கால்களும் அசையவில்லை. மருத்துவர் “பார்க்கலாம்” என்கிறார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மார்ச் 9.

அக்கா ஃபோன் செய்தாள். “படத்துல உன் பேர் பெருசா வருமாடா?” வரும் என்றேன்.

மார்ச் 10.

ஆஸ்பத்திரி. சண்டை மாஸ்டர் வராந்தாவில் நின்று, “வயசாயிடுச்சு, கணக்கு தப்பிடுச்சு” என்கிறார். தயாரிப்பாளர் ஒரு படி மேலே போய், அண்ணன் முந்தின நாள் குடித்திருப்பார் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். சண்டைக் கலைஞர் சங்கம் விசாரிக்க வருகிறது. தப்பு அவருடையது என்று முடிவானால் நஷ்டஈடு கிடையாது.

அண்ணனும் அதைத்தான் சொல்கிறார். “மெத்தைக்கு நடுவுல விழலபோல தம்பி. இருபது வருஷத்துல ஒரு தடவகூட தப்பினதில்ல. எப்படித் தப்புச்சுன்னே புரியல.” கண்ணை மூடி, உள்ளுக்குள் திரும்பத் திரும்ப விழுந்து பார்க்கிறார். படுத்த இடத்தில் தோள் அசைகிறது.

வெளியே வந்ததும் அவர் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, உங்க காதுலதான எல்லாம் கேக்கும். அவரு குடிச்சிருந்தாரா? நெசத்தச் சொல்லுங்க.”

“இல்லண்ணி. சத்தியமா இல்ல.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். பாதி நிஜம் சொல்ல எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மார்ச் 11.

வேறு டூப் வந்துவிட்டார். அதே சட்டை, துவைத்து.

டீ வேளையில் இயக்குநர் தோளில் கை போட்டார். “நீ அன்னிக்கு ஒண்ணு எடுத்தத நான் பாத்தேன். ஆனா பாக்கல. நீயும் கேக்கல. புரியுதா? வாய் விட்டா உன் பொழப்பும் போச்சு, என் படமும் போச்சு.”

தலையாட்டினேன்.

மார்ச் 12.

இல்லை. முடியாது. அவர் அங்கே விழுந்துகொண்டே இருக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி.

சொல்லிவிட்டேன்.

அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன். “அண்ணே, உங்க கணக்கு தப்பல. சட்டைக்குள்ள என் பெட்டி இருந்துச்சு. நான் எடுக்கல. அப்புறம் நீங்க கீழ கிடந்தப்ப அத எடுத்து ஒளிச்சதும் நான்தான்.”

மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

“அப்ப நான் நடுவுலதான் விழுந்தேனா?”

“நட்ட நடுவுல, அண்ணே.”

முகத்தில் ஏதோ தளர்ந்தது. ஒரு நொடி, வேலை முடிந்து சட்டையைக் கழற்றுகிறவரைப் போல இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். இதுவரை தம்பி என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை.

“வெளிய போடா.”

வந்துவிட்டேன். இனிச் செய்ய வேண்டியது:

1. நாளை காலை பத்து மணிக்கு சங்கத்தில் பெட்டியை மேஜைமேல் வைத்துச் சொல்வது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது.
2. அண்ணியிடம் நானே சொல்வது. உட்கார வைத்து. (இதுதான் முதலில்.)
3. இயக்குநரிடம்: “நீங்க பாத்ததையும் சொல்லப்போறேன்.”
4. காவல் நிலையம். வேலை போவது தானாக நடக்கும், அதற்கு நான் எதுவும் செய்ய வேண்டாம்.
5. ஞாயிறு அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாடி வீடு. தூக்க நான்கு பேர் வேண்டும், மூன்று பேர்தான் இருக்கிறார்கள். திட்டினாலும் போய் நிற்பது.