தோணித் தட்டும் அப்பாவின் வேட்டியும்

சிவகாசி,
2.6.1958

அன்புள்ள பலவேசம் அத்தானுக்கு,

லட்சுமிகாந்தம் கும்பிடு போட்டு எழுதுவது. நான் நலம். உங்கள் தோணியில் கொழும்புக்குப் போன எங்கள் தீப்பெட்டிகள்தான் நலமில்லை. நனைந்து திரும்பி வந்துவிட்டன. "தோணி ஒழுகுறது நிக்கட்டும், பெறகு கல்யாணத்தைப் பேசுவோம்" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். பொன்னுத்தங்கம் அக்கா அடுப்படியில் பாத்திரங்களை உருட்டுகிறாள். தூத்துக்குடி வரை கேட்கவில்லையா?

மேல்தட்டுத் தேக்குப் பலகையைப் பூராவும் பேர்க்கிறீர்களாமே! எதற்கு? பேர்த்த பிறகு தோணி மொட்டைத்தலையாக நிற்குமா?

கொழுந்தியாள் ஆகக் காத்திருக்கும்,
லட்சுமிகாந்தம்

தூத்துக்குடி,
20.6.1958

வாலு லட்சுமிகாந்தத்துக்கு,

மொட்டையேதான். தேக்கின் மேல் குற்றமில்லை; அதில் அடித்த இரும்பாணிதான். உப்புத் தண்ணீரில் துருவேறி, சுற்றிலும் மரம் கறுத்து, விரல் நுழைகிறது. "பொறி பறக்கும்னு வெடிக் கம்பெனியிலே இரும்பை உள்ளேயே விட மாட்டாகளாம்லே, நாமளும் செம்பாணியே அடிப்போம்" என்கிறார் தோணி வேலை பார்க்கும் சோலைமலை மேஸ்திரி. புதுத் தேக்கு வந்துவிட்டது. இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்ற வேண்டும்.

முடிந்ததும் மாமா தோணியின் அடியறையில் உட்காரட்டும். மேலே தண்ணீர் ஊற்றுவோம். சொட்டு விழுந்தால் தெரிய வேண்டும். தண்ணீரில் கலக்க, தீப்பெட்டித் தாளுக்குப் போடும் நீலச் சாயப்பொடி கொஞ்சம் அவரிடம் கொடுத்துவிடு.

பலவேசம்

தூத்துக்குடி,
14.8.1958

லட்சுமிகாந்தத்துக்கு,

மாமா பையிலிருந்து சலவை வேட்டியை எடுத்துக் கட்டி, அடியறையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். நாற்பது குடம் நீலத்தண்ணீர் ஊற்றினோம். ஏறி வந்தவர் வேட்டியில் நீலம்! அந்த வேட்டியோடேயே பஸ் ஏறிவிட்டார். உள்ளே தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு பலகையும் ஈரமில்லை. எங்கே ஒழுகியது? உன் அக்காளுக்கு என்ன சொல்வேன்?

பலவேசம்

சிவகாசி,
17.8.1958

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கண்டதும் அழுக்குக் கூடைக்கு ஓடினேன். சட்டைத் தோள் வெள்ளை, துண்டு வெள்ளை. வேட்டியில் உட்கார்ந்த இடம் மட்டும் நீலம். மேலிருந்து ஒழுகும் தண்ணீர் தலையைத் தாண்டி அங்கே எப்படிப் போகும்? அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சாயப் பொட்டலத்தை அந்த வேட்டி மடிப்புக்குள் ஒளித்து வைத்தவள் நான்தான். அப்பா உதறும்போது நீலப்புகை பறக்கும், நீங்கள் சிரிப்பீர்கள் என்று நினைத்தேன். பொட்டலம் உங்கள் கைக்கு வருமுன்பே முனை கிழிந்து, மடிப்பில் தங்கிய பொடி வேர்வையில் பூத்துவிட்டது.

அப்பாவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"ஏட்டி, ஒரு பொட்டலத்தை ஒழுகாமக் கட்டத் தெரியலை. நீயெல்லாம் கம்பெனி வீட்டுப் பிள்ளையா?" நடுமண்டையில் ஒரு குட்டு. இன்னும் வலிக்கிறது.

பிறகு வேட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு எழுது. இந்தத் தோணி சீசன்ல மொத லோடு நம்ம லோடுதான்."

மாப்பிள்ளை என்றார், அத்தான்! அடுப்படியில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

இப்படிக்கு,
ஒழுகின பொட்டலம்,
லட்சுமிகாந்தம்