வாடாத சம்பங்கி

ஜூன் 3, திங்கள்

இன்றும் நிறம் மாறவில்லை. வீட்டு பிரெட்டில் பூத்த பூஞ்சையை வளர்த்து, வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கலந்து வைத்தால் பழுப்பாக வேண்டும். பழுப்பானால் வெள்ளி நுண்துகள் உண்டாகிவிட்டது என்று அர்த்தம். ஆறு முறை வைத்தும் இளநீர் மாதிரியே நிற்கிறது. 21ஆம் தேதி கமிட்டி. காட்ட ஒன்றுமில்லை என்றால் பிஎச்டி பதிவு ரத்து. நாலு வருஷம்!

ஜூன் 6

பூஞ்சையே, சோறு போட்டு வளர்க்கிறேன். நினைவிருக்கட்டும்.

ஜூன் 10, திங்கள்

பழுப்பு! நல்ல டிகாஷன் நிறம்! யாரோ ஜன்னலோரம் வெயிலில் நகர்த்தி வைத்திருந்த குடுவை. கைடு அகஸ்டினா மேடம் இன்று லீவு. நாளை காட்டலாம் என்று அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 11

குடுவை காலி. பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருக்கிறது.

லேப் அட்டெண்டர் கலியபெருமாள் அண்ணனைக் கேட்டேன். "நேத்து மோட்டார் ரிப்பேரும்மா. மேடம் ரூம்ல மாதாவுக்குப் பூ வைக்க ஜாடிக்குத் தண்ணி இல்ல. உன்னுத ஊத்திட்டேன்."

"பழுப்பா இருந்துதே, பாக்கலியா?"

"நம்ம குழால வர்றதும் அந்தக் கலருதானம்மா."

அழுகைதான் வந்தது. ஏன்டி சரிதா, ஒரு லேபிள் ஒட்டத் தெரியாதா உனக்கு? ஜாடியை எட்டிப் பார்த்தேன். சம்பங்கித் தண்டுகள் ஜம்மென்று ஊறிக்கொண்டிருந்தன. பூ ஊறிய தண்ணீரைக் கமிட்டியில் காட்டவா முடியும்?

ஜூன் 14

மறுபடி வைத்தேன். மறுபடி இளநீர்.

ஜூன் 18, செவ்வாய்

மேடம் கூப்பிட்டார். திட்டுவதற்குத்தான் என்று போனால், மாதா சுரூபத்தின் முன் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

"எட்டு நாளாச்சு சரிதா, சம்பங்கி வாடவேயில்ல. ஆபீஸ் ரூம்ல அதே கட்டுப் பூ, மூணாம் நாளே அழுகிட்டுது. மாதா ஏதோ சொல்றாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் அண்ணனைக் கேட்டேன், ஆபீஸ் ஜாடியில் என்ன தண்ணீர்?

"அது குழாத் தண்ணி. அன்னிக்கே சாயங்காலம் மோட்டார் ஓடிச்சே."

என் வெள்ளி கிருமிகளைத் தடுத்திருக்கிறது, தண்டு அழுகவில்லை. மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடித் தண்ணீரைக் கருவியில் வைத்துப் பார்த்தோம், வெள்ளி இருந்தது. மெழுகுவத்தியை மட்டும் மேடம் அணைக்கவில்லை.

ஜூன் 21

"ஒப்பிட்டுப் பாக்க இன்னொண்ணு வெச்சீங்களா?" என்று கமிட்டியில் கேட்டார்கள். "சாதாத் தண்ணியில அதே பூ, அதே நாள், சார்." டீத் தட்டோடு நின்ற அண்ணன் எதற்கென்று தெரியாமலே தலையாட்டினார். ஒரு வருஷம் நீட்டித்துவிட்டார்கள்!

ஜூலை 1, திங்கள்

வெயிலில் வைத்தால் பழுப்பாகிறது. அன்று குடுவையை நகர்த்தியதும் அண்ணன்தானாம், கூட்டுவதற்காக. இப்போது ஆறு குடுவை, ஆறு லேபிள். எல்லாவற்றையும் நின்று படித்துவிட்டு அண்ணன் சொன்னார், "மோட்டார் திரும்பவும் ரிப்பேரும்மா."

ஆறையும் காலடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.