நீ திட்டியதைப் போட்டுக் காட்டினேன்

அடுப்படியில் என்னோடு ஓயாமல் மல்லுக்கு நின்ற அன்பு மல்லிகா அக்காவுக்கு,

உன்னைத் தேடி இன்னமும் ஆள் வருகிறது. உன் ஆபரேஷனைக் கேள்விப்பட்டு நேற்று மங்கலம்பேட்டையிலிருந்து பாத்திமா என்ற பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். நீ போய்ச் சேர்ந்தது அவர்களுக்குத் தெரியாது. வாசலில் அவர் மூச்சை இழுத்த சத்தம் கேட்டதுமே அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். உன் சத்தமேதான்.

கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்து, தொண்டைக்குள் குழாய் விட்டு, வெண்டிலேட்டரில் கிடந்து பிழைத்து வந்தாய். கொஞ்ச நாளில் விசில் அடிக்கிற மாதிரி மூச்சு. விருத்தாசலத்தில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் ஒரே பதில்தானே, பீங்கான் தூசு! நீயோ பொம்மைப் பட்டறையில் அச்சு வேலை பார்த்தவள். ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. ஆஸ்துமா என்றார்கள். வேலையை விட்டாய், மருந்தை இழுத்தாய், சத்தம் மட்டும் போகவில்லை.

புதுச்சேரியில் கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மாதான் கண்டுபிடித்தார். குழாய் அழுத்திய இடம் புண்ணாகி, தழும்பு தடித்து, மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டதாம். நாங்கள் முழித்தோம். நீ மட்டும், "அச்சுல மண்கூழ ரொம்ப நேரம் உட்டா செவுரு தடிச்சி ஓட்ட சின்னதாயிடும். அந்த மாதிரிங்களா?" என்றாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

பலூன் வைத்து விரித்தார்கள். மறுபடி சுருங்கியது. கடைசியில் அந்தத் துண்டையே வெட்டியெடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார்கள். தலை நிமிரக் கூடாதென்று மோவாயை நெஞ்சோடு தைத்து வைத்திருந்தார்களே, அப்போதும் நீ அழவில்லை. பேசக் கூடாதென்று சொல்லியும், "கல்யாணப் பொண்ணாட்டம் குனிஞ்சிருக்கனாடி?" என்று கிசுகிசுத்தாய். உனக்கு எங்கிருந்து அக்கா வந்தது அந்தத் தைரியம்?

அப்புறம் நன்றாக மூச்சு விட்டாய், நன்றாகச் சண்டை போட்டாய். நெஞ்சுவலி வந்து திடீரென்று போனதைத்தான் இன்னும் என்னால் தாங்க முடியவில்லை.

பாத்திமாவின் வீட்டுக்காரருக்கு பைக் விபத்து, அதே குழாய், அதே சுருக்கம். "ஆபரேஷன் பண்ணலன்னா உசுருக்கே ஆபத்துன்னு சொல்லிட்டாங்க. பேச்சு போயிடும்னு இவரு வர மாட்டேங்கறாரு. அக்கா பேசறத ஒரு தடவ கேட்டுட்டா ஒத்துக்குவாருன்னு கூட்டியாந்தேன்" என்று அழுதாள்.

என்ன செய்வேன்? போனை எடுத்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் நீ அனுப்பிய வாட்ஸ்அப் குரல் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. நீ போனபிறகு அதைக் கேட்க எனக்கு மனசே வரவில்லை. அவர்களுக்காகப் போட்டேன்.

"ஏண்டி செல்வி, மோட்டார நிறுத்தாம எங்கடி போய்த் தொலைஞ்ச? தண்ணி தெருவுல ஓடுது! வூட்டுக்கு வா, இருக்குது ஒனக்கு!"

கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் ஒரே மூச்சில் திட்டியிருந்தாய். அவர் மறுபடி போடச் சொன்னார். அப்புறம் சிரித்தார், சிரிப்போடு விசிலும் வந்தது. "இந்தம்மா சத்தத்துல பாதி இருந்தா போதுங்க" என்றார். எல்லோருக்கும் ஒரே மாதிரி அமையாது, டாக்டரிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

இன்று காலை ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்களாம், பாத்திமா போன் பண்ணினாள். நீ இருந்திருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே பார்க்கப் போயிருப்பாய். உனக்குப் பதிலாக நான் போகிறேன்.

இனி யார் தேடி வந்தாலும் உன் குரலைப் போட்டுக் காட்டுவேன் அக்கா. கிளம்புவதற்கு முன்னால் மோட்டாரையும் நிறுத்திவிடுவேன்.

நீ திட்டுவதற்கென்றே உன் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு வந்த,
உன் ஓரகத்தி
செல்வி