மருமகள் உட்காராத நாற்காலி

மே 4, திங்கள்

ஆறு மணிக்கே வெயில். கத்திரி இன்றைக்குத்தான் தொடக்கம் என்கிறார்கள், கீரனூரில் பத்து நாளாகவே கத்திரிதான்.

வாங்க வேண்டியது: பி.பி. மாத்திரை (ஒரு பட்டை), குளியலறைக்கு ரப்பர் பாய், குடை ரிப்பேர். ரப்பர் பாயைப் போன மாதமே வாங்கியிருந்தால் வழுக்கி விழுந்திருக்க மாட்டேன். வலது முட்டி இன்னும் மடக்கினால் 'கடக்'.

இன்று முதல் உடற்பயிற்சி வகுப்பு. நானாகப் போகவில்லை, தள்ளிக்கொண்டு போனார்கள். முட்டி பார்த்த டாக்டர் சொன்னது: "நாற்காலியில உக்காந்து செய்யிற லேசான பயிற்சிதான். நாலு பேரோட சேந்து செய்யுங்க. தனியா செஞ்சா மூணாம் நாளே விட்டுருவீங்க." மகன் குமரேசன் சிங்கப்பூரிலிருந்து தினம் போன் போட்டு நச்சரிப்பு. தனியே போனால் வழியில் விழுவேன் என்று மருமகள் அமுதாவையும் கூட அனுப்பிவிட்டான்.

இடம்: கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம். காலை 6 முதல் 6.45. நடத்துவது ஸ்டெல்லா டீச்சர், பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இன்னும் கழுத்தில். மொத்தம் பதினேழு பேர். என்னைப் போல் கிழடு கட்டை பத்து. மற்றது கலவை: ஒரு காலேஜ் பெண், ஆறு மாதக் குழந்தையின் தாய் ஒருத்தி, எங்கள் எதிர்வீட்டுப் பூக்காரம்மா பாக்கியம்.

கையைத் தூக்கு, இறக்கு. காலை நீட்டு, மடக்கு. இதற்கு ஒரு டீச்சர், ஒரு விசில். முப்பத்திரண்டு வருஷம் டெப்போவில் மெக்கானிக், பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை பார்த்தவன். எனக்குக் கை தூக்கச் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் தோள்பட்டை வலித்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மே 5, செவ்வாய்

வெயில் அதே. தோள்பட்டை பரவாயில்லை.

வகுப்பு முடிந்ததும் டீச்சரிடம் கேட்டே விட்டேன். "இது எங்கள மாதிரி வயசானவங்களுக்குச் சரி டீச்சர். அந்தக் காலேஜ் புள்ளைக்கு எதுக்கு இது? ஓடிக் குதிக்க வேண்டிய வயசு."

"ஓடிக் குதிச்சு முட்டி போயித்தாங்கய்யா இங்கிட்டு வந்திருக்கு. நீங்க பத்து தடவை தூக்குறத அது கையில தண்ணிப் பாட்டிலோட முப்பது தடவை தூக்குது. பயிற்சி ஒண்ணுதான், அவங்கவங்க தெம்புக்குத் தக்கன செய்யிறாங்க. நீங்க பாக்கலையா?"

பார்க்கவில்லை. நான் என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அமுதா மட்டும் சுவரோரம் நிற்கிறாள். "நீங்களும் உக்காருங்கம்மா" என்று டீச்சர் நாற்காலியைக் காட்டினால், "பரவால்ல டீச்சர், நின்னுக்கிட்டே பண்றேன்." கால் நீட்டுகிற பயிற்சி வந்ததும் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்து போனை நோண்டிக்கொண்டு நின்றாள். முப்பத்து மூன்று வயசு, கிழவர்களோடு உட்கார வெட்கம் போல. எரிச்சலாக இருந்தது.

பேத்தி லீவுக்குத் திருவரங்குளம் போயிருக்கிறாள், அமுதாவின் அம்மா வீட்டுக்கு. வீடு கப்சிப். அவள் இருந்தால் எனக்கும் அமுதாவுக்கும் நடுவே அவள்தான் தபால். "தாத்தா காபி கேக்குறாங்க", "அம்மா மாத்திரை போட்டீங்களான்னு கேக்குறாங்க." மாமனாரும் மருமகளும் நேருக்கு நேர் வளவளவென்று பேசிக்கொள்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. மரியாதை என்று வைத்திருக்கிறோம். இப்போது தபால் இல்லாததால் காபி கேட்க இருமுகிறேன்.

மே 7, வியாழன்

சாயங்காலம் காற்றாட பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். திருச்சி பஸ் வந்தது. அமுதா அங்கே ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுகிறாள். காலை 8.10 பஸ், திரும்ப இருட்டும் நேரம். ஏறும்போதும் கூட்டம், இறங்கும்போதும் கூட்டம்.

எல்லோரும் இறங்கியபின் அவள் இறங்கினாள். படியில் கம்பியைப் பிடித்தபடி, இடுப்பை நிமிர்த்த முடியாமல், வளைந்தே நின்றாள். "வெரசா எறங்கும்மா" என்று கண்டக்டர். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்துவிட்டாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு நாலடி பின்னாலேயே வீடு வரை நடந்து வந்தாள்.

ராத்திரி அமுதா சமையற்கட்டில் குமரேசனோடு போன் பேசியது காதில் விழுந்தது. "எட்டு மணி நேரம் உக்காந்தே வேலை, பொறவு பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாரது. முதுகு ரெண்டா ஒடியுது. பயிற்சி செஞ்சாத்தான் சரியாகுமாம். எனக்கு எங்க நேரம்? இந்த மாசத்தோட வேலைய விட்டுரலாம்னு பாக்குறேங்க." பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு குழாய்ச் சத்தம்.

அந்த வேலைக்காகப் பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருந்த பெண். கிடைத்த அன்று ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தது நான்தான். விடக் கூடாது.

அப்புறம் கோபம்தான் வந்தது. வகுப்புக்கு வருகிறாள், சுவரோரம் நிற்கிறாள், உட்கார்ந்து செய்யச் சொன்னால் செய்வதில்லை. இதில் முதுகு வலி என்று வேலையை விடப் போகிறாளாம்.

மே 8, வெள்ளி

கரண்ட் இல்லை, 9 முதல் 4. எதிர்வீட்டு வேப்பமர நிழலில் பாக்கியம் பூக் கட்டிக்கொண்டிருந்தது. மனசு தாங்காமல் புலம்பினேன். "வகுப்புக்கு வருது பாக்கியம், ஆனா உக்கார மாட்டேங்குது. முதுகு வலிக்காரி சுவரோரம் நின்னா சரியாயிருமா?"

பாக்கியம் நாரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. "ஏண்ணே, நீங்க அங்க உக்காந்திருக்கையில அது எப்படிண்ணே நாற்காலியில உக்காரும்? கால வேற நீட்டச் சொல்றாங்க. மாமனாருக்கு முன்னாடி நீட்டுமா? ஒங்க வீட்டுல அது நாற்காலியில உக்காந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

வீட்டுக்கு வந்து யோசித்து எழுதுகிறேன்.

டிவி பார்ப்பது: சமையற்கட்டு வாசலில், தரையில்.
சாப்பிடுவது: நான் எழுந்த பிறகு.
நான் கூடத்துக்கு வந்தால்: அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இந்த மூன்றாவதைச் சுறுசுறுப்பு என்று நினைத்தேன். "என் மருமக ஒரு நிமிஷம் உக்கார மாட்டா" என்று பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஒன்பது வருஷமாக. கண் இருந்தும் குருடன்.

என் வீட்டுக்காரியும் என் அப்பா முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் கடைசி வரை முதுகு வலிதான். நான் தைலம் வாங்கிக் கொடுத்தேன், அதோடு என் கடமை முடிந்தது என்றிருந்தேன். அவள் போய் அஞ்சு வருஷம் ஆகிறது. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மே 10, ஞாயிறு

வகுப்பு இல்லை. கறி எடுத்தேன், அரைக் கிலோ.

ஒரு யோசனை. டீச்சர் சாயங்காலம் 5 மணிக்கும் ஒரு வகுப்பு நடத்துகிறார். நான் அதற்கு மாறிக்கொண்டால் காலை வகுப்பு அமுதாவுக்கு. நான் இல்லாத இடத்தில் தாராளமாக உட்காரட்டும், நீட்டட்டும், படுக்கட்டும்.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது? நேரே சொல்ல நாக்கு எழவில்லை. குமரேசன் போன் செய்தபோது சொன்னேன். "நாளையிலேர்ந்து அமுதா என்கூட வகுப்புக்கு வர வேண்டாம்னு சொல்லிருப்பா. நான் தனியாப் போய்க்கிருவேன்." மிச்சத்தைச் சொல்லவில்லை. உன் பெண்டாட்டி உட்காருவது, கால் நீட்டுவது என்றெல்லாம் மகனிடம் எப்படிப் பேசுவது?

சமையற்கட்டு பத்தடி தூரம். சேதி சிங்கப்பூர் போய் அங்கிருந்து வரும்.

மே 12, செவ்வாய்

இரண்டு நாளாக மாலை வகுப்பு. ஆள் குறைவு, மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறது. முட்டிச் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. டீச்சரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

"காலையில அமுதா வந்துச்சா டீச்சர்?"

"வரலையேங்கய்யா. நேத்தும் வரல, இன்னிக்கும் வரல. ஊருக்குப் போயிருச்சோன்னு நெனைச்சேன்."

மே 13, புதன்

குமரேசன் போன். குரலே சரியில்லை. "ஏம்ப்பா, அமுதா என்ன தப்புப் பண்ணுனா? வகுப்புல போன் பாத்தான்னு கோவமா? இனிமே பாக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னா. வர வேணாம்னுட்டீங்கன்னு ரெண்டு நாளா ஒரே அழுகை."

மண்டையில் ஸ்பானர் விழுந்தது போல் உட்கார்ந்திருந்தேன். நல்லது செய்யப் போனவன் அவளை அழ வைத்திருக்கிறேன். மகனிடம், "கோவமெல்லாம் இல்லப்பா" என்று மட்டும் சொன்னேன்.

ரப்பர் பாய் வாங்கியாயிற்று. பச்சைக் கலர்தான் இருந்தது.

மே 14, வியாழன்

அமுதா வேலைக்குப் போகவில்லை. காலையில் எழவே முடியவில்லை. பாக்கியம் வந்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது. இட்லியும் கொண்டுவந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

டிவி மேல் ஒரு வெள்ளைத் தாள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மாதக் கடைசியோடு வேலையை விடுவதாகக் கடை முதலாளிக்கு எழுதியிருக்கிறாள். அழகான கையெழுத்து. தேதி மட்டும் போடவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

பத்து மணிக்கு உண்மையைச் சொல்லப் போனேன். மாத்திரை எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன். (மாத்திரை என் சட்டைப் பையில்.)
பன்னிரண்டுக்குப் போனேன். தூங்குகிறாள்.
நாலு மணிக்குப் போனேன். "மோர் வேணுமா மாமா?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். வேண்டாம் என்று ஓடி வந்தேன்.

கோழை. டெப்போவில் மேனேஜரையே எதிர்த்துப் பேசியவன்.

மே 15, வெள்ளி

லேசான தூறல், ஐந்து நிமிஷம். புழுக்கம் கூடியதுதான் மிச்சம்.

அமுதா இன்று நடமாடுகிறாள். "மாமா, காபி" என்று டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். இப்போது விட்டால் எப்போதும் இல்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"எனக்கு ஒம்மேல கோவமில்ல. நான் இருந்தா நீ உக்கார மாட்டேங்குற. அதான் நான் சாயங்காலத்துக்குப் போனேன், நீ காலையில போவேன்னு. எனக்குச் சொல்லத் தெரியல."

போய்விட்டாளோ என்று நிமிர்ந்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தாள்.

"நான் ஏதோ மரியாதைக் கொறைவா நடந்துட்டேன்னு நெனைச்சேன் மாமா."

"மரியாத போதும். முதுகப் பாரு. நாளைக்கு ரெண்டு பேரும் காலையில போவோம். நீ உக்காந்து செய்யணும். அந்தக் கடுதாசிக்கு அப்புறம் தேதி போட்டுக்கலாம்."

"பழக்கமில்லையே மாமா."

"எனக்கும்தான் பழக்கமில்ல."

அவ்வளவுதான் பேசினோம். ஒன்பது வருஷத்தில் இதுதான் நீளம். காபி ஆறிப் போயிருந்தது, குடித்தேன்.

மே 16, சனி

5.30க்கே கிளம்பினோம். என் திட்டம்: முதல் வரிசையில் நான், கடைசி வரிசையில் அவள். என் முதுகுக்குப் பின்னால் அவள் என்ன செய்தாலும் எனக்குத் தெரியாது.

போனால் டீச்சர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருக்கிறார். இந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை என்றால் வட்டமாம், பந்து தூக்கிப் போட்டுப் பிடிக்க. கிடந்து யோசித்த திட்டமெல்லாம் போச்சு. நான் ஒரு பக்கம், அமுதா எனக்கு நேர் எதிரே. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் உட்கார்ந்தாயிற்று. பாக்கியம் என்னைப் பார்த்தது, அவளைப் பார்த்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னங்கய்யா, தூக்கமா?" டீச்சர்.

"இல்ல டீச்சர். இன்னிக்கு நான் கண்ண மூடிக்கிட்டுத்தான் செய்வேன்."

காலேஜ் பெண் சிரித்தாள். சிரிக்கட்டும். டீச்சர் விசில் ஊதினார். எதிரே ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கையைத் தூக்கினோம், இறக்கினோம். தோளைச் சுற்றினோம். எட்டு, பத்து, பன்னிரண்டு. ஒரு தடவை பக்கத்து ஆளின் காதில் என் கை பட்டது.

"இப்ப ரெண்டு காலையும் நேரா நீட்டுங்க. பாதத்த ஒங்க பக்கமா இழுத்துப் புடிங்க. பத்து எண்ணுவேன்."

நீட்டினேன். கண் மூடி நீட்டியதில் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். நாற்காலி ஆடியது. "அய்யா, கண்ணத் தொறங்க. விழுந்து வச்சீங்கன்னா ஒங்க மகனுக்கு யாரு பதில் சொல்றது?" டீச்சரின் கை என் தோளில். திறந்துவிட்டேன்.

எதிரே அமுதா. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் என் பக்கமாக நேரே நீட்டியிருக்கிறாள். குதிகாலெல்லாம் வெடிப்பு வெடிப்பாக. வீட்டிலும் பஸ்ஸிலும் நின்று நின்றே வெடித்த கால்கள். என் கண்ணைப் பார்த்துவிட்டாள். முகம் குப்பென்று சிவந்து, முட்டி மடங்கத் தொடங்கியது, நாற்காலியை விட்டு எழவும் பார்த்தாள்.

"நீட்டு ஆத்தா," என்றேன்.

கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். டீச்சர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அமுதா தலையைக் குனிந்துகொண்டாள். இடது கால் முதலில், பிறகு வலது. டீச்சர் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். பத்து வரை அவள் மடக்கவில்லை.